காவலாளி பேசாமல் இருந்தால்…



2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். முற்பகல் பதினொன்றரைக்குக் கிட்டிய நேரம். எங்கள் அடுப்படியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டர் பாதியில் நின்றது. மெயின் சுவிட்சைப் பார்க்கும்படி மனைவி சொன்னார். போய்ப் பார்த்தேன், அதில் ஒரு குறையுமில்லை. பக்கத்து வீட்டிலும் கரண்ட் இல்லை, பக்கத்து ஊரிலும் இல்லை. சற்று நேரத்தில் நாடு முழுவதிலுமே இல்லை என்று தெரியவந்தது.

அப்போது எங்கள் தண்ணீர்த் தாங்கி அரைவாசிதான் நிரம்பியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் மாமியின் இன்சுலின் இருந்தது. "யாரும் அந்தக் கதவைத் திறக்கக்கூடாது" என்று பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டுவிட்டு, மனைவி அதன் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மாலையில் கரண்ட் வந்தபோதுதான் அவர் முகத்தில் தெளிவு வந்தது.

பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் அறிவித்தார். ஊரெல்லாம் சிரித்தது. உயர்தரம் படிக்கும் என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "வாப்பா, ஒரு குரங்கு தொட்டா நாடே இருளுமா? அங்க இருக்கிற கம்பியூட்டர் எல்லாம் என்ன செஞ்சிட்டிருந்திச்சு?" என்று கேட்டாள்.

அரபு இலக்கணம் படிப்பிக்கும் எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்வது நல்லது என்று தோன்றியது. ஏனென்றால் கரண்ட் நின்றால் முதலில் தவிப்பவர்கள் நீங்கள்தான்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைப்பதுபோல் மின்சாரத்தைக் கம்பிக்குள் சேர்த்து வைக்க முடியாது. நீங்கள் இஸ்திரிப் பெட்டியைப் போடும் அதே கணத்தில் எங்கோ ஒரு மின்நிலையம் அதற்கான மின்சாரத்தை உண்டாக்கியாக வேண்டும். உண்டாக்குவதும் செலவழிப்பதும் தராசின் இரு தட்டுகள். அந்தத் தராசு சரியாக நிற்கிறதா என்று காட்டும் முள்ளைத்தான் பாடசாலையில் 'மீடிறன்' என்று படிக்கிறார்கள். நம் நாட்டில் அது விநாடிக்கு 50. செலவு கூடினால் 50க்குக் கீழே இறங்கும். உற்பத்தி கூடினால் மேலே ஏறும். அதிகம் விலகினால் மின்பிறப்பாக்கிகள் தம்மைப் பழுதிலிருந்து காத்துக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும்.

உங்கள் வீட்டில் பழைய கால்மிதித் தையல் இயந்திரம் இருந்தால் அதை நினைத்துப் பாருங்கள். மிதிப்பதை நிறுத்தினாலும் கீழே இருக்கும் பாரமான சக்கரம் இன்னும் சில சுற்றுகள் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். நீர்மின் நிலையங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் அப்படிப்பட்ட பெரும் பாரமான சக்கரங்கள் சுற்றுகின்றன. எங்காவது ஒரு தடங்கல் வந்தால் அவை தம் ஓட்டத்தின் வேகத்தாலேயே சில விநாடிகள் தாக்குப்பிடித்துக் கொடுக்கும். அந்தச் சில விநாடிகளுக்குள் மற்ற நிலையங்கள் கைகொடுக்க வந்துவிடும்.

கூரையில் இருக்கும் சோலார் பெனலுக்குச் சக்கரம் கிடையாது. சுவரில் மாட்டிய 'இன்வேட்டர்' என்ற பெட்டிதான் அதன் மின்சாரத்தை நம் வீட்டு மின்சாரமாக மாற்றிக் கொடுக்கிறது. அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கணனி இருக்கிறது. வெளிக் கம்பியில் மீடிறன் பிசகினால் ஒதுங்கிக்கொள்ளும்படி அதற்குக் கட்டளை கொடுத்து வைத்திருப்பார்கள். ஒரு வீடு ஒதுங்கினால் ஒன்றும் ஆகாது. ஆயிரமாயிரம் வீடுகள் ஒரே விநாடியில் ஒதுங்கினால் தராசு கவிழ்ந்துவிடும்.

அந்தப் பெப்ரவரி 9 ஒரு விடுமுறை நாள். தொழிற்சாலைகளும் காரியாலயங்களும் மூடியிருந்ததால் தேவை குறைவு. நல்ல வெயில், ஆகவே சூரிய மின்சாரம் அதிகம். சுற்றிக்கொண்டிருந்த பாரமான சக்கரங்கள் குறைவு. குரங்கு கொடுத்த சிறிய அதிர்ச்சியைத் தாங்க அந்த நேரத்தில் நாட்டு மின் வலையமைப்புக்குப் பலம் போதவில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோனதால் அடுத்து வந்த நாட்களிலும் ஒன்றரை மணி நேர மின்வெட்டை அனுபவித்தோம். அதே ஆண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகல் வேளையில் கூரைச் சூரிய மின்சாரத்தைத் தாமாகவே நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டதும் இதே அச்சத்தினால்தான்.

சக்கரங்கள் குறையக் குறைய, தடங்கல் வந்தால் முடிவெடுக்கக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. மனிதன் திரையைப் பார்த்து, யோசித்து, பொத்தானை அழுத்துவதற்குள் காரியம் கைமீறிவிடும். ஆகவே யாரையும் கேட்காமல் தானே முடிவெடுக்கும் கணனிகளிடம் மின்சாரத்தின் காவலை ஒப்படைக்கும் வேலை உலகெங்கும் நடக்கிறது. இதனால் நன்மையும் உண்டு. தென் அவுஸ்திரேலியாவின் ஹோர்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 2017 டிசம்பர் முதலாம் திகதி 100 மெகாவாட் வலுவுள்ள மாபெரும் பற்றரி ஒன்று வேலை தொடங்கியது. அதே மாதம் 14ஆம் திகதி, பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் லோய் யாங் மின்நிலையத்தின் 560 மெகாவாட் பிரிவொன்று திடீரென்று நின்றது. எவரும் கை வைக்காமலேயே அந்தப் பற்றரி ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் தன் பங்கு மின்சாரத்தைச் செலுத்தத் தொடங்கியது. மனிதக் கையால் முடியாத வேகம் அது.

வேகத்தில் கணனியை மிஞ்ச நம்மால் முடியாது. ஆனால் அதை நம்பலாமா? சகோதரிகளே, இதற்குப் பதில் சொல்ல உங்களை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்கு அழைத்துப் போகிறேன்.

2003 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை. ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. எந்தக் கம்பியில் பழுது வந்தாலும் உடனே எச்சரிக்கை ஒலி எழுப்பித் திரையில் காட்ட அங்கே ஒரு கணனி நிரல் இருந்தது. பிற்பகல் 2.14க்கு அந்த நிரல் நின்றுவிட்டது. கணனி தீப்பிடிக்கவில்லை, திரை இருளவில்லை. எச்சரிக்கை சொல்லும் வாய் மட்டும் அடைத்துப்போனது. வாய் அடைத்துவிட்டது என்பதைச் சொல்ல வேறொரு வாய் இருக்கவில்லை.

அறையில் இருந்தவர்கள் எச்சரிக்கை வரவில்லை, ஆகவே எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டார்கள். பக்கத்து நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்களோடு இணைந்த கம்பி ஒன்று விழுந்து மீண்டது" என்றார்கள். தங்கள் திரையில் அப்படி எதுவும் இல்லாததால் இவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிற்பகல் 3.05க்கு ஒரு பெரிய மின்கம்பி பாரத்தில் தாழ்ந்து, வெட்டாமல் வளரவிட்ட மரத்தில் பட்டு நின்றது. 3.32க்கு இரண்டாவது, 3.41க்கு மூன்றாவது. எதற்கும் எச்சரிக்கை ஒலிக்கவில்லை. இதற்கிடையில் நிறுவனத்தின் கணனிப் பிரிவினர் பழுதடைந்த பிரதான கணனிகளைத் திரும்ப இயக்கினார்கள். ஆனால், "உங்களுக்கு எச்சரிக்கை வருகிறதா?" என்று கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை.

அந்தப் பிராந்தியத்தைக் கண்காணித்த மேல் அமைப்பிலும் அன்று ஒரு தவறு நடந்தது. மின் வலையமைப்பின் நிலையைக் கணக்கிடும் கருவியைத் திருத்துவதற்காக ஒருவர் அதன் தானியங்கி ஓட்டத்தை நிறுத்தினார். திருத்தி முடித்தபின் திரும்பப் போட மறந்துவிட்டார்.

மாலை 4.06 அளவில் இன்னொரு முக்கிய கம்பி நின்றது. 4.10க்குப் பிறகு சில நிமிடங்களுக்குள் எல்லாம் சரிந்தது. அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரமின்றிப் போனார்கள். நியூயோர்க்கில் நிலக்கீழ் ரயில்கள் சுரங்கத்துக்குள் நின்றன. மக்கள் பாலங்களின் மேல் வரிசையாக நடந்து வீடு திரும்பினார்கள்.

பின்னர் வல்லுநர்கள் பல வாரங்கள் தேடிக் குறையைக் கண்டுபிடித்தார்கள். நிரலின் இரு பகுதிகள் ஒரே தகவலை ஒரே கணத்தில் எழுதப் போய் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருந்தன. மிக அரிதாக மட்டுமே நேரக்கூடிய சிக்கல் அது. அந்நாள்வரை யார் கண்ணிலும் படவில்லை.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்து அறையில் இரண்டு வயதுப் பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கிறது. சத்தம் கேட்கும்வரை நிம்மதியாகச் சமைப்பீர்கள். சத்தம் நின்றால் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடுவீர்கள். ஒஹாயோவில் அந்த அறையில் இருந்த படித்தவர்களுக்கு அந்த ஓட்டம் வரவில்லை. இன்று பல முக்கியமான கணனிகளை, "நான் விழித்திருக்கிறேன்" என்று சில விநாடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும்படி அமைக்கிறார்கள். அதற்கு 'இதயத் துடிப்பு' என்றே பெயர். துடிப்பு நின்றால் வேறொரு கணனி சத்தம் போடும். ஆகவே தனியே முடிவெடுக்கும் இயந்திரத்துக்குரிய முதல் நிபந்தனை இது: தனக்குக் கண் தெரியாமல் போனதை அது ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையைத் தென் அவுஸ்திரேலியா படித்துக்கொண்டது. அந்தப் பெரிய பற்றரி வருவதற்கு முந்தைய ஆண்டு, 2016 செப்டெம்பர் 28ஆம் திகதி, கடும் புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தது. இரண்டு நிமிடங்களுக்குள் மின்னழுத்தம் பலமுறை தாழ்ந்து மீண்டது. பல காற்றாலைகளுக்குள், "குறுகிய நேரத்துக்குள் இத்தனை தடவைக்கு மேல் இப்படி நடந்தால் ஒதுங்கிக்கொள்" என்ற கட்டளை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. ஒன்பது காற்றாலைகள் அதற்குக் கீழ்ப்படிந்தன. ஏழு விநாடிக்குள் 456 மெகாவாட் குறைந்தது. அயல் மாநிலத்திலிருந்து வந்த இணைப்பும் பாரம் தாங்காமல் அறுந்தது. மாநிலம் முழுவதும் இருண்டது, ஏறத்தாழ 8,50,000 இணைப்புகள்.

இதில் கவனிக்க வேண்டியது, காற்றாலைகள் பிழை செய்யவில்லை என்பதாகும். சொன்னதைத்தான் செய்தன. ஆனால் அப்படியொரு கட்டளை உள்ளே இருப்பது வலையமைப்பை நடத்திய நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு அந்த எண்ணை மாற்றினார்கள். எந்த நிலையில் என்ன செய்யும் என்பது முன்கூட்டியே வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை.

மூன்றாவது, திறப்பு யார் கையில் என்பது. 2015 டிசம்பர் 23ஆம் திகதி உக்ரேனில் மின் விநியோக நிறுவனங்களின் கணனிகளுக்குள் திருடர்கள் தூரத்திலிருந்தே புகுந்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கண்ணெதிரே திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து, உப மின்நிலையங்களை ஒவ்வொன்றாக நிறுத்தியது. ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் இருண்டன. ஆனால் சில மணி நேரங்களில் மின்சாரம் திரும்பியது. எப்படி என்று நினைக்கிறீர்கள்? ஊழியர்கள் வாகனங்களில் ஏறி உப மின்நிலையங்களுக்கே போய், கையால் சுவிட்சுகளைப் போட்டார்கள். கையால் செய்யும் வேலையை அவர்கள் மறந்திருக்கவில்லை. இதுவே நான்காவது நிபந்தனை. இயந்திரம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அது இல்லாமல் சமாளிக்கும் பழக்கத்தைக் கைவிடக்கூடாது.

இப்போது, தானே கற்றுக்கொள்ளும் கணனி நிரல்களும் இந்தத் துறைக்கு வந்துவிட்டன. நாளை எவ்வளவு வெயில் அடிக்கும், எத்தனை மணிக்குத் தேவை கூடும் என்று அவை கணிக்கின்றன. அவற்றிடம் ஒரு சங்கடம் உண்டு. இந்த முடிவுக்கு ஏன் வந்தாய் என்று கேட்டால், அவற்றைச் செய்தவருக்கே சில வேளை சொல்லத் தெரியாது. அதனால் பொறியியலாளர்கள் கையாளும் ஒரு வழி, கெட்டிக்கார நிரலுக்கு மேல், எல்லை தாண்டினால் தடுக்க மட்டுமே தெரிந்த, முற்றாகச் சோதித்துப் பார்க்கக்கூடிய சிறிய எளிய நிரல் ஒன்றைக் காவலுக்கு வைப்பதாகும். சமைக்கப் பழகும் மகளை அடுப்புக்கு முன்னால் விட்டுவிட்டு, காஸ் சிலிண்டரின் திருகியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்கும் உம்மாவைப்போல. கறியின் ருசி மகளின் பாடு. வீடு தீப்பிடிக்காமல் பார்ப்பது உம்மாவின் பாடு.

நம் வகுப்புகளில் 'முகல்லஃப்' என்று ஒரு சொல் படிப்பிப்போம். பொறுப்புச் சாட்டப்பட்டவர், கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் என்பது அதன் பொருள். அமானிதத்தை அப்படிப்பட்டவரிடம்தான் ஒப்படைக்க முடியும். கணனி முகல்லஃப் அல்ல. அதை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க முடியாது, அதற்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. ஆகவே 'இந்த இயந்திரத்தை நம்புகிறேன்' என்று நாம் சொல்லும்போது உண்மையில் நம்புவது அதைச் செய்தவரையும், சோதித்தவரையும், கட்டளை எழுதியவரையும், காவல் இருப்பவரையும்தான். ஒஹாயோவில் மரம் வெட்டாதது கணனியல்ல. திரும்பப் போட மறந்ததும், அறையிடம் கேட்காமல் விட்டதும் கணனியல்ல. அதை விசாரித்த அமெரிக்க, கனடியக் கூட்டுக் குழு 2004இல் இவற்றையெல்லாம் எழுதி வைத்தது. 2005இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. அதுவரை விரும்பினால் பின்பற்றலாம் என்றிருந்த விதிகள், மீறினால் தண்டம் என்ற நிலைக்கு வந்தன. பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது எழுத்தில் வந்தது.

இவ்வளவு பெரிய விடயத்தில் நமக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் காவலாளி ஒன்று இருக்கிறது. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் உள்ள ட்ரிப் சுவிட்ச்தான் அது. கரண்ட் கசிந்து ஒருவர் உடலில் பாய்ந்தால் கண் இமைக்கும் நேரத்துக்குள் அதை நிறுத்த வேண்டியது அதன் கடமை. அதில் 'டி' என்ற ஆங்கில எழுத்துப் பொறித்த சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். எத்தனை வீடுகளில் அதை அழுத்திப் பார்த்திருக்கிறார்கள்? எங்கள் வீட்டில் பல வருடங்களாக அழுத்தியதே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மகள் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் முதல் தடவையாக அழுத்தினேன். அது விழவில்லை. வீட்டில் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் சின்ன மகன் ஈரக் கையோடு பிளக்கைத் தொட்ட நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன. அத்தனை நாளும் அந்தக் காவலாளி பேசாமல் இருந்ததை நாங்கள் 'எல்லாம் சரி' என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். மறுநாளே வயரிங் தெரிந்த ஒருவரை அழைத்து மாற்றினோம்.

ஆகவே சகோதரிகளே, மாதத்துக்கு ஒருமுறை, உலர்ந்த கையால், அந்தப் பொத்தானை அழுத்துங்கள். கரண்ட் உடனே நிற்க வேண்டும். நின்றால் சுவிட்சைத் திரும்ப மேலே தூக்கிவிடுங்கள். நிற்காவிட்டால், நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் தெரிந்தவரை அழைத்து மாற்றுங்கள். கூரையில் சோலார் பெனல் போட்டவர்கள், பொருத்தியவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பெட்டி எந்த நிலையில் தானாக நிற்கும்? தூரத்திலிருந்து இதைத் திறக்க யாரிடம் வழி இருக்கிறது? தொழிற்சாலையிலிருந்து வந்த இரகசியச் சொல்லை மாற்றிவிட்டீர்களா? பதிலை ஒரு தாளில் எழுதி, பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். இரகசியச் சொல்லை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள்.

மகளின் கேள்விக்கும் பதில் சொன்னேன். "கம்பியூட்டர்கள் தமக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்துகொண்டிருந்தன மகள். சொல்லிக் கொடுத்தவர்கள் குரங்கை எதிர்பார்த்திருக்கவில்லை" என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்ப, வாப்பா, எதிர்பாக்கத் தெரிஞ்சவங்கதான் இந்த வேலைக்குப் போகணும்" என்றாள். பரீட்சை முடிந்ததும் மின்பொறியியல் படிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போதைக்கு, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ட்ரிப் சுவிட்சை அழுத்திப் பார்க்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருக்கிறோம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.